வாடகை வீட்டை காலி பண்றேன்னு சொல்லியாச்சு, புது ஃபிளாட் இன்னும் கைக்கு வரல. என்ன பண்ணலாம்?

அகரம்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர் அகரம் பக்கம் ஒரு மாடி போர்ஷன்ல குடியிருக்கோம், வாடகை 16,000, அட்வான்ஸ் 1 லட்சம் குடுத்திருக்கோம். மாதவரத்துல ஒரு அப்பார்ட்மெண்ட்ல டபுள் பெட்ரூம் எடுத்திருக்கோம், மொத்தம் 24 வீடு, கீழ பார்க்கிங், மேல 4 மாடி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கு. விலை 48 லட்சம், அதுல எங்க கைக்காசு, லோன் எல்லாம் சேர்த்து 44 லட்சம் பில்டருக்கு போயாச்சு. அக்ரிமெண்ட்ல செப்டம்பர் கடைசில சாவி குடுக்கணும்னு இருக்கு. ஆகஸ்ட்ல போய் பாத்தப்ப டைல்ஸ், பெயிண்ட், கதவு எல்லாம் முடிஞ்சிருந்துச்சு, அதனால கீழ இருக்கிற ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட ஐப்பசி கடைசில காலி பண்ணிடறோம்னு சொல்லிட்டோம்.

இப்ப பில்டர் ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா சிஎம்டிஏ-ல (சென்னை பெருநகர வளர்ச்சி குழுமம்) இருந்து கம்ப்ளீஷன் சர்டிபிகேட், அதாவது பிளான்படி கட்டிருக்குன்ற சான்றிதழ் வரணும், அது வந்தா தான் ஈபி மீட்டர், மெட்ரோ வாட்டர் எல்லாம், இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு. எத்தனை நாள்னு கேட்டா யாரும் தேதி சொல்ல மாட்டேங்கறாங்க. ஆனா "நீங்க கார்த்திகைல பால் காய்ச்சி குடி வந்துடுங்க, கட்டட வேலைக்கு வாங்கின கரண்ட்லயே லைன் இழுத்து தரோம், பேங்க்ல கடைசி பேமெண்ட்டை மட்டும் ரிலீஸ் பண்ண சொல்லுங்க"ன்றாங்க.

ஓனர் அம்மா ரொம்ப நல்லவங்க, பல வருஷமா எங்க அம்மாவும் அவங்களும் அக்கா தங்கச்சி மாதிரி. அவங்க தங்கச்சி குடும்பம் ஆரணில இருந்து கார்த்திகைல வராங்க, தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரில ட்ரீட்மெண்ட், நம்ம போர்ஷன்ல தான் தங்க போறாங்க. அதனால அவங்ககிட்ட இன்னும் ரெண்டு மாசம்னு கேக்கவே வாய் வரல. அம்மாவுக்கு கார்த்திகைல புது வீட்டுக்கு போயிடணும், இல்லன்னா மார்கழில போகக்கூடாது, தை வரைக்கும் ஆயிடும்னு கவலை. அவங்களுக்கு முட்டி வலி வேற, ஃபிளாட் 3-வது மாடி. பொண்ணு நாலாவது படிக்கறா. இந்த பக்கம் வாடகை, அந்த பக்கம் லோனுக்கு வட்டி மட்டுமே மாசம் 25,000 கிட்ட போகுது, ராத்திரில தூக்கம் வர்றதில்ல. யாராவது இதுமாதிரி சமாளிச்சிருந்தா சொல்லுங்க. டெம்பரவரி கரண்ட்ல குடி போலாமா?

மூலக்கடை_சைட்:

ப்ரோ, நான் இந்த ஏரியால கட்டட வேலை தான் பாக்கறேன், அதனால முதல்ல உங்க கடைசி கேள்விக்கு பதில். போகாதீங்க. கட்டுமானத்துக்கு குடுக்கற டெம்பரவரி கனெக்‌ஷன் வேற டாரிஃப், வீட்டு ரேட் இல்ல, யூனிட் விலை ரொம்ப அதிகம், அதுவும் வீட்டு கனெக்‌ஷனுக்கு கிடைக்கற ஃப்ரீ யூனிட் எல்லாம் அதுக்கு கிடையாது. பணத்தை விடுங்க, ஒரு காரியத்துக்கு வாங்கின கரண்ட்டை வேற காரியத்துக்கு யூஸ் பண்றது மின்சார சட்டம் 2003, செக்‌ஷன் 126-ல வருது, பிடிச்சா அந்த உபயோகத்துக்கான ரேட்டை மாதிரி ரெண்டு மடங்கு போடுவாங்க. பில் பில்டர் பேர்ல வரும், ஆனா உள்ள இருக்கறவங்ககிட்ட தான் பங்கு கேப்பாங்க. ஒரு லைன்ல பத்து வீட்டு ஃப்ரிட்ஜ், மோட்டார், ஏசி ஓடினா வோல்டேஜ் நிக்காது.

அடுத்தது லிஃப்ட். அம்மாவுக்கு முட்டி வலின்னு எழுதிருக்கீங்க. தமிழ்நாட்டுல லிஃப்ட் ஓட்டறதுக்கு தனியா லைசன்ஸ் வேணும், 1997-ல வந்த சட்டம் இருக்கு, மின் ஆய்வுத்துறைல இருந்து வந்து பாத்துட்டு தான் குடுப்பாங்க. பில்டர் லிஃப்ட் மாட்டி வச்சிருப்பாரு, லைசன்ஸ் வாங்கிருக்காரான்னு நம்பரோட கேளுங்க. வாங்கலன்னா 3-வது மாடிக்கு அம்மா தினமும் படி ஏறணும், இதுக்கு மேல பால் காய்ச்சற தேதி முக்கியமான்னு அவங்ககிட்டயே மெதுவா சொல்லுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கம்ப்ளீஷன் சர்டிபிகேட் லேட்டுன்னு சொன்னா அதுல ரெண்டு வகை இருக்கு, எது உங்களோடதுன்னு தெரிஞ்சுக்கறது தான் முதல் வேலை. ஒண்ணு, அப்ளை பண்ணியாச்சு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரல அல்லது வந்துட்டு போயாச்சு, ஃபைல் நகருது. இது நாளாகும் ஆனா வந்துடும். ரெண்டாவது, பிளான்ல இருக்கற மாதிரி கட்டல. பக்கத்துல விட வேண்டிய இடத்தை குறைச்சிருப்பாங்க, பார்க்கிங்ல ஒரு ரூம் எழுப்பியிருப்பாங்க, மொட்டை மாடில எக்ஸ்ட்ரா எதையாவது கட்டிருப்பாங்க, மழைநீர் சேகரிப்பு தொட்டி இருக்காது. இந்த மாதிரி இருந்தா இடிச்சு சரி பண்ணினா தான் ஃபைல் நகரும், அதுக்கு மாசக்கணக்கா ஆகலாம். வெளில இருந்து பாத்தா ரெண்டுமே "சிஎம்டிஏ-ல பெண்டிங்" தான்.

கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல. டிஎன்ரெரா வெப்சைட்ல உங்க ப்ராஜெக்ட் நம்பரை போட்டா அப்ரூவ்டு பிளான் இருக்கும், அதை பிரிண்ட் எடுத்துட்டு ஒரு டேப் எடுத்துட்டு போய் சைடுல விட்ட இடத்தை அளந்து பாருங்க, கார் பார்க்கிங் எண்ணுங்க. அப்புறம் பில்டர்கிட்ட கம்ப்ளீஷனுக்கு அப்ளை பண்ண அக்னாலட்ஜ்மெண்ட் காப்பி கேளுங்க. நேர்மையா நடத்தறவர் அன்னைக்கே குடுத்துடுவார். குடுக்கலன்னா சிஎம்டிஏ-வுக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்க, 10 ரூபா தான், 30 நாளைக்குள்ள பதில் தரணும்.

கடைசி பேமெண்ட்டை மட்டும் விட்றாதீங்க. உங்க கைல இப்ப இருக்கற ஒரே பிடி அந்த 4 லட்சம் தான். பேங்க்கும் உங்க கையெழுத்து இல்லாம குடுக்காது. "முழு திருப்தியோட வீட்டை எடுத்துக்கிட்டேன்"னு ஒரு லெட்டர் நீட்டுவாங்க, சர்டிபிகேட்டும் மீட்டரும் வராம அதுல கையெழுத்து போடாதீங்க.

எம்கேபி_நகர்:

தலைவா ஓனரை நினைச்சு பயப்படாதீங்க. புது வாடகை சட்டப்படி அவங்க தண்ணியையோ கரண்டையோ நிறுத்த முடியாது, கோர்ட்டுக்கு போகாம யாரையும் வெளில அனுப்பவும் முடியாது. நீங்க பாட்டுக்கு தை வரைக்கும் இருங்க, அட்வான்ஸ்ல கழிச்சுக்க சொல்லுங்க, 1 லட்சம் இருக்கே, ஆறு மாசம் தாங்கும்.

தண்டையார்பேட்டை_மல்லிகா:

தம்பி எம்கேபி நகர், கோவிச்சுக்காத, ஆனா இந்த யோசனை வேண்டாம்பா. நானும் மேல ஒரு போர்ஷன் வாடகைக்கு விடறவ தான், ஓனர் பக்கத்துல இருந்து சொல்றேன். அந்தம்மா வீட்ல ஒரு ஆளுக்கு உடம்பு முடியல, ஆரணில இருந்து வந்து ஆஸ்பத்திரிக்கு போய் வர ஒரு இடம் வேணும், அதுக்காக தான் போர்ஷனை எதிர்பாக்கறாங்க. அங்க போய் சட்டம் பேசினா இத்தனை வருஷ பழக்கம் ஒரே நாள்ல போயிடும். அட்வான்ஸ்ல கழிக்கறதும் அப்படித்தான், எங்க மாதிரி ஆளுங்க அந்த பணத்தை பேங்க்ல போட்டு வச்சிருக்க மாட்டோம், அது ஏதாவது பழைய கடனுக்கு போயிருக்கும், திருப்பி குடுக்கற மாசத்துக்கு தான் சேர்த்துக்கிட்டு இருப்போம்.

அகரம் தம்பி, உங்களுக்கு சொல்றேன். இன்னைக்கே போய் பேசுங்க. ஃபோன்ல வேண்டாம், வாட்ஸப்ல வேண்டவே வேண்டாம், அம்மாவையும் கூட்டிட்டு போங்க. ஓனருக்கு கோவம் வர்றது லேட் ஆகறதால இல்ல, கடைசி வாரத்துல வந்து சொல்றதால தான். ஐப்பசி ஆரம்பத்துலயே சொன்னா அவங்க தங்கச்சியை பத்து நாள் தள்ளி வர சொல்லலாம், இல்லன்னா முதல்ல அவர் மட்டும் வந்து கீழ ஹால்ல தங்கலாம், ஏதோ ஒரு வழி அவங்களே யோசிப்பாங்க. பில்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்க, தெரியாத தேதியை சொல்லிடாதீங்க. "கார்த்திகை 15-க்குள்ள மீட்டர் வரலன்னா நாங்க வேற இடம் பாத்து போயிடறோம்"னு உங்க பக்கத்துல இருந்து ஒரு எல்லையை வச்சா அவங்களுக்கும் நிம்மதி. எங்க வீட்ல ஒரு பொண்ணு இப்படித்தான் வந்து நேரா சொல்லுச்சு, நான் மாசம் மாசம் இருந்துக்கோம்மான்னுட்டேன், வாடகையும் ஏத்தல.

பேசி முடிச்சதை ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. நம்பிக்கை இல்லாம இல்ல, நாளைக்கு அந்தம்மா பையனோ மருமகனோ வந்து கேட்டா காட்ட வேணும்ல. வேற இடம் பாக்கணும்னா லீஸுக்கு போகாதீங்க, லட்சக்கணக்குல பணம் மாட்டிக்கும், மாச வாடகைக்கு சின்ன போர்ஷனா பாருங்க. இன்னொண்ணு, சாமானை சொந்தக்காரங்க வீட்ல போட்டு வைக்கறதா இருந்தா கீழ் வீடா பாத்து போடாதீங்க. இது மழை மாசம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் தெருத்தண்ணி உள்ள வந்தா கட்டில், பீரோ எல்லாம் போச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நாங்க பாத்தது போதும்.

பாரிமுனை_டைப்பிங்:

நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், மல்லிகா அக்கா சொன்னது தான் முதல் வழி. இருந்தாலும் எம்கேபி நகர் சொன்னதுல பாதி தான் இருக்கு, மீதியையும் சொல்லிடறேன். 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கற தமிழ்நாடு வாடகை சட்டத்துல தண்ணி, கரண்ட்டை நிறுத்தக்கூடாதுன்றது உண்மை. ஆனா வாடகை காலம் முடிஞ்சும் காலி பண்ணாம இருந்தா ரெண்டு மடங்கு வாடகை கேக்கற உரிமை ஓனருக்கு இருக்கு. 16,000-க்கு பதிலா 32,000. அதனால நீட்டிப்பை எழுத்துல வாங்கறது உங்களுக்கு தான் பாதுகாப்பு. அதே சட்டத்துல காலி பண்ணி சாவி குடுத்த ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸை திருப்பி தரணும்னும் இருக்கு, ரிப்பேர் ஏதாவது இருந்தா அதை கழிச்சுக்கிட்டு.

இப்ப பில்டர் பக்கம். ரெரா சட்டம் 2016, செக்‌ஷன் 18. அக்ரிமெண்ட்ல சொன்ன தேதிக்கு வீட்டை குடுக்கலன்னா உங்களுக்கு ரெண்டு வழி. வேண்டாம்னு விலகினா கட்டின பணம் வட்டியோட திரும்ப வரணும். வீடு தான் வேணும்னா கைக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொரு மாச லேட்டுக்கும் வட்டி தரணும். வட்டி எவ்வளவுன்னா தமிழ்நாடு ரூல்ஸ்படி எஸ்பிஐயோட அதிகபட்ச எம்சிஎல்ஆர் (பேங்க் கடனுக்கு வைக்கற அடிப்படை வட்டி), அது கூட 2 சதவீதம். உத்தேசமா 10 சதவீதம்னே வச்சுக்கிட்டாலும் 44 லட்சத்துக்கு மாசம் 36,000-க்கு மேல வருது. உங்க வாடகையும் லோன் வட்டியும் சேர்ந்தா 41,000. கிட்டத்தட்ட முக்கால்வாசிக்கு மேல அதுலயே அடங்கிடும்.

உங்க அக்ரிமெண்ட்டை எடுத்து படிங்க, "தாமதத்துக்கு சதுர அடிக்கு மாசம் இவ்வளவு ரூபா"ன்னு ஒரு வரி இருக்கும், ரொம்ப கம்மியா இருக்கும், அதுக்கு மேல எதுவும் தரமாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. சட்டத்துல இருக்கறத விட கம்மியா எழுதிட்டா சட்டம் இல்லாம போயிடாது, அதை சொல்லுங்க. மழை, புயல்னு காரணம் சொல்லி ரெரால எக்ஸ்டென்ஷன் வாங்கிருக்கோம்னும் சொல்லுவாங்க. 2021 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல வீடு சொன்ன தேதிக்கு வரலன்னா பணத்தை திரும்ப கேக்கற உரிமை நிபந்தனை இல்லாததுன்னு தெளிவா சொல்லிருக்கு.

உடனே கேஸ் போட சொல்லல. கேஸ் போட்டா சர்டிபிகேட் சீக்கிரம் வந்துடாது. முதல்ல ஒரு லெட்டர் எழுதுங்க, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, போய் சேர்ந்ததுக்கு அத்தாட்சி வாங்கி வைங்க, ஈமெயில்லயும் அனுப்புங்க. அக்ரிமெண்ட் தேதி, கட்டின தொகை, இன்னைக்கு வரைக்கும் ஒப்படைக்கலன்றது, செக்‌ஷன் 18 வட்டி கேக்கறது, கம்ப்ளீஷன் அப்ளிகேஷன் காப்பி கேக்கறது, அவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். பெரும்பாலும் இந்த லெட்டருக்கு அப்புறம் தான் பேச்சு மாறும். கடைசி 4 லட்சத்துல வட்டியை கழிச்சுக்கறோம்னு பேசி முடிச்சவங்க நிறைய பேர். 24 வீட்ல இன்னும் நாலு பேரை சேர்த்துக்கிட்டு போனீங்கன்னா இன்னும் நல்லது.

விம்கோ_மெட்ரோ:

இதே மாதிரி எங்களுக்கும் ஒரு கேள்வி, தனியா போடாம இங்கயே கேக்கறேன். நாங்க திருவொற்றியூர்ல பழைய ஃபிளாட் ஒண்ணு ரீசேல்ல வாங்கறோம். விக்கறவர் பேங்க் லோனை முழுசா கட்டி முடிச்சுட்டாரு, ஆனா ஒரிஜினல் பத்திரம் இன்னும் பேங்க்ல இருந்து வரலன்னு பதிவை தள்ளிக்கிட்டே போறாரு. நாங்களும் ராயபுரத்துல வாடகை வீட்டை காலி பண்ற நிலைமைல இருக்கோம். இதுக்கு ஏதாவது கெடு இருக்கா?

பாரிமுனை_டைப்பிங்:

இருக்கு. ரிசர்வ் பேங்க் 2023-ல போட்ட உத்தரவு, அந்த வருஷம் டிசம்பர் 1-ல இருந்து அமல்ல இருக்கு. கடன் முழுசா கட்டி முடிஞ்ச 30 நாளைக்குள்ள ஒரிஜினல் டாக்குமெண்ட் எல்லாத்தையும் பேங்க் திருப்பி தரணும், பேங்க் பக்கத்துல லேட் ஆனா ஒவ்வொரு நாளைக்கும் 5,000 ரூபா நஷ்ட ஈடு. ஆனா அந்த பணம் கடன் வாங்கினவருக்கு போகும், உங்களுக்கு இல்ல. அதனால இந்த உத்தரவை விக்கறவருக்கு சொல்லி அவரை பேங்க்ல எழுதி குடுக்க சொல்லுங்க, அதுல அவருக்கும் லாபம் இருக்கறதால செய்வாரு.

பத்திரம் வந்தா மட்டும் போதாது. லோன் வாங்கறப்ப சார் பதிவாளர் ஆபீஸ்ல அடமானம் பதிவாகி இருந்தா அதை ரத்து பண்ற ரசீது ஆவணமும் பதிவாகணும். அப்புறம் நீங்களே டிஎன்ரெஜிநெட்ல (பதிவுத்துறை வெப்சைட்) வில்லங்கம் போட்டு பாருங்க, அந்த ரசீது வில்லங்கத்துல வந்த அப்புறம் தான் உங்க பேங்க் செக் குடுக்கும். அது வர்ற வரைக்கும் உங்க வாடகை வீட்ல தேதி எதுவும் சொல்லாதீங்க.

வண்ணை_ஆடிட்:

ஒரு சின்ன விஷயம், அகரம்_வாசிக்கு. கம்பெனில எச்ஆர்ஏ (சம்பளத்துல வர்ற வீட்டு வாடகை படி) வருதுன்னா, பழைய வரி முறைல இருந்தா, வீடு கைக்கு வர்ற வரைக்கும் வாடகைக்கு எச்ஆர்ஏ தாராளமா கேக்கலாம், லோன் இருக்குன்னு விட்டுடாதீங்க. வீடு முடியற வருஷத்துக்கு முந்தின வருஷங்கள்ல கட்டின வட்டியும் வீணா போகாது, வீடு முடிஞ்ச வருஷத்துல இருந்து அஞ்சு சம தவணையா கழிச்சுக்கலாம், மொத்தம் வருஷம் 2 லட்சம் எல்லைக்குள்ள. ஆனா லோன் வாங்கின நிதி ஆண்டு முடிஞ்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள வீடு முடியலன்னா அந்த எல்லை 30,000-க்கு இறங்கிடும். உங்களுக்கு அந்த அளவுக்கு போகாது. புது வரி முறைல சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு இந்த கழிவு கிடையாது.

அகரம்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் படிச்சு வீட்ல எல்லாருக்கும் படிச்சு காட்டினேன். மல்லிகா அக்கா சொன்ன மாதிரி அம்மாவையும் கூட்டிட்டு போய் ஓனர் அம்மாகிட்ட பேசிட்டோம். அவங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கு முதல் அப்பாயிண்ட்மெண்ட் கார்த்திகை கடைசில தானாம், அதுவரைக்கும் இருங்கன்னு சொன்னாங்க, அதுக்கு மேல முடியாதுன்னும் சொன்னாங்க. எழுதி கையெழுத்தும் போட்டாச்சு. மூலக்கடை ப்ரோ, பிளானை எடுத்துட்டு போய் அளந்து பாத்தோம், சைடுல சரியா தான் இருக்கு, ஆனா பார்க்கிங்ல ஒரு மூலைல செங்கல் வச்சு ஒரு ரூம் கட்டிருக்காங்க, வாட்ச்மேன் ரூம்னு சொல்றாங்க, பிளான்ல அந்த இடத்துல கார் பார்க்கிங் போட்டிருக்கு. இது தான் காரணமா இருக்குமா? லெட்டர்ல இதையும் எழுதலாமா?

மூலக்கடை_சைட்:

இருக்க வாய்ப்பு அதிகம் ப்ரோ. கண்டிப்பா எழுதுங்க, ஃபோட்டோவும் பிளான் காப்பியும் சேர்த்து வைங்க. நல்ல செய்தி என்னன்னா அது ஒரு செங்கல் சுவர் தான், பில்டர் மனசு வச்சா ரெண்டு நாள்ல இடிச்சு சுத்தம் பண்ணிடலாம், சைடுல இடம் குறைஞ்சிருந்தா தான் வழியே இல்லாம போயிருக்கும். இடிச்ச அப்புறம் மறுபடி இன்ஸ்பெக்‌ஷனுக்கு எழுதி குடுத்த காப்பியை கேட்டு வாங்குங்க. அந்த காப்பி கைக்கு வர்ற வரைக்கும் கார்த்திகையை நம்பாதீங்க, இப்ப இருந்தே பெரவள்ளூர், ஜவஹர் நகர் பக்கம் ரெண்டு மாசத்துக்கு சின்ன போர்ஷன் கேட்டு வைங்க, பொண்ணு ஸ்கூலும் மாத்த வேண்டியிருக்காது. பால் காய்ச்சறது தைல வச்சுக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, அதுக்குள்ள லிஃப்ட் லைசன்ஸும் வந்துடும்.

தண்டையார்பேட்டை_மல்லிகா:

ஓனர் அம்மா ஒத்துக்கிட்டது சந்தோஷம்பா. அந்த லெட்டர் போறப்ப மத்த வீட்டுக்காரங்க கையெழுத்தும் வாங்கிக்கோ, தனியா போகாத. காலி பண்றப்ப ஈபி கார்டு, தண்ணி வரி ரசீது எதுவும் உங்ககிட்ட இருந்தா திருப்பி குடுத்துட்டு, மீட்டர் ரீடிங்கை ஃபோட்டோ எடுத்துக்கோ. போர்ஷன் வேணும்னா சொல்லு, எங்க தெருவுல ஒண்ணு காலியா இருக்கு, முதல் மாடி தான், அம்மாவுக்கு படி கம்மி, மாசம் மாசம் குடுக்க அவங்க தயார்.